கிராம்பும் பட்டையும் சம அளவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சமையல் பக்கத்தில் வெளியான பூசணி கேக் குறிப்பைப் படித்தேன். அமெரிக்காவில் இலையுதிர்காலம் வந்தாலே பையிலும் (pie: மாவு ஓட்டுக்குள் இனிப்புக் கூழோ பழமோ வைத்துச் சுடும் பண்டம்) கேக்கிலும் குக்கீயிலும் மணக்கும் பூசணி பை மசாலாவைக் கடையில் தேடாமல் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று சொன்னது நல்ல யோசனை. ஆனால் பட்டை, சுக்கு, ஜாதிக்காய், ஆல்ஸ்பைஸ், கிராம்பு ஐந்தையும் சம அளவு எடுத்து, வாணலியில் வறுத்துப் பொடித்து, ஒரு கேக்குக்கு ஒரு மேசைக்கரண்டி சேர்க்கும்படி அதில் அச்சாகியிருக்கிறது. அளவும் தவறு, வறுப்பதும் தவறு. இதை நம்பிச் செய்தவர்களின் கேக் கசந்திருக்கும், நாக்கு லேசாக மரத்திருக்கும். அவர்கள் ஓவனையோ பூசணியையோதான் குறை சொல்லியிருப்பார்கள். ஆகவே இந்தக் கடிதம் சற்று நீளமாக இருந்தாலும் முழுவதையும் வெளியிட வேண்டுகிறேன்.

கிராம்பிலிருந்து தொடங்குகிறேன். கிராம்புத் தைலத்தில் 70 முதல் 90 விழுக்காடு வரை யூஜினால் என்ற ஒரே பொருள்தான். பல்வலிக்குக் கிராம்பை அடக்கிக்கொண்டால் ஈறு மரத்துப்போவது அதனால்தான். பட்டையோ, சுக்கோ கொஞ்சம் கூடினால் கேக்கில் காரமும் மணமும் கூடும், அவ்வளவுதான். கிராம்பு கூடினால் மற்ற நான்கையும் அது மூடிவிடும். வெண்ணெயின் சுவைகூடத் தெரியாது. ஐந்தும் சம அளவு என்றால் ஒரு மேசைக்கரண்டி பொடியில் அரைத் தேக்கரண்டிக்கு மேல் கிராம்பு இருக்கும். 250 கிராம் மைதாவில் செய்யும் கேக்குக்குத் தேவைப்படும் கிராம்பு, ஒரு தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடிவிட்டது.

இந்தக் கலவையின் பழைய வடிவத்தைப் பார்த்தாலும் இது தெரியும். 1796-ல் அமெரிக்காவில் அச்சான அமீலியா சிம்மன்ஸின் சமையல் நூலில் பூசணிப் புட்டிங் இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்றில் ஜாதிபத்திரி, ஜாதிக்காய், இஞ்சி. இன்னொன்றில் ஆல்ஸ்பைஸ், இஞ்சி. இரண்டிலுமே கிராம்பு கிடையாது. 1934-ல் அமெரிக்க மசாலா நிறுவனமான மெக்கார்மிக் பூசணி பைக்கான மசாலாவை ஒரே டப்பாவில் கலந்து விற்கத் தொடங்கியது. இன்று பட்டை முன்னால் நிற்க, மற்றவை பின்னால் வருவதுதான் வழக்கமான அமைப்பு. பெயரில் பூசணி இருந்தாலும் பொடியில் பூசணி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் செய்யும் பண்டத்தை வைத்து வந்த பெயர் அது.

நான் பரிந்துரைக்கும் அளவு, எடையில்: பட்டைப்பொடி 22 கிராம், சுக்குப்பொடி 8 கிராம், ஜாதிக்காய் 4 கிராம், ஆல்ஸ்பைஸ் 4 கிராம், கிராம்பு 2 கிராம். மொத்தம் 40 கிராம். தராசு இல்லாதவர்களுக்குத் தேக்கரண்டிக் கணக்கு: பட்டை எட்டரை, சுக்கு நாலரை, ஜாதிக்காய் இரண்டுக்குச் சற்றுக் குறைவு, ஆல்ஸ்பைஸ் இரண்டு, கிராம்பு ஒன்று. எல்லாம் தலைதட்டிய கரண்டி. ஆறு மேசைக்கரண்டி அளவு கிடைக்கும். எட்டு, ஒன்பது கேக்குக்குப் போதும். இதற்கு மேல் ஒரே தடவையில் செய்யத் தேவையில்லை.

எடையை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு தேக்கரண்டி பட்டைப்பொடி சுமார் 2.6 கிராம் இருக்கும். அதே கரண்டியில் சுக்குப்பொடி 1.8 கிராம்தான். வீட்டில் அப்போதே அரைத்த பொடி காற்றோட்டமாக, உப்பலாக இருக்கும். டப்பாவில் நாள்பட்டுக் கிடந்த பொடி அழுந்திக் கிடக்கும். கரண்டியால் அளந்தால் இரண்டும் ஒன்றாகாது. ஒரு கிராமுக்குக் கீழ் பிரித்துக் காட்டாத சிறிய டிஜிட்டல் தராசில் 2 கிராம் கிராம்பைத் துல்லியமாக நிறுப்பது கடினம். அப்படிப்பட்ட தராசு வைத்திருப்பவர்கள் கிராம்பை மட்டும் கரண்டியால் அளக்கலாம். அல்லது முழு அளவையும் இரட்டித்து நிறுக்கலாம்.

ஆல்ஸ்பைஸ் என்றதும் பல மசாலா சேர்ந்த ஒரு கலவை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது ஒரே மரத்தின் காய். மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, பழுக்கும் முன் பறித்து உலர்த்தியது. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் மூன்றின் மணமும் அதில் இருப்பதால் அந்தப் பெயர். கிடைக்காவிட்டால் 4 கிராம் ஆல்ஸ்பைஸுக்குப் பதிலாகப் பட்டை 2, ஜாதிக்காய் 1, கிராம்பு 1 கிராம் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது மொத்தக் கிராம்பு 3 கிராம் ஆகிவிடுகிறது, அதற்கு மேல் ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

இனி முழு மசாலாவை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொடிப்பது என்று பார்ப்போம். கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும். தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம்: நல்ல கிராம்பு மூழ்கும், இல்லையென்றால் தலை மேலாக நிமிர்ந்து நிற்கும். படுக்கைவாட்டில் மிதந்தால் தைலம் வற்றியது. தலை உதிர்ந்து வெறும் காம்பாக இருப்பதையும் ஒதுக்குங்கள். ஜாதிக்காயைத் துருவிய இடத்தில் வெளிர் சதையில் பழுப்பு நரம்புகள் ஓடி, பளபளவென்று இருக்க வேண்டும். சுண்ணாம்பு போல உதிர்ந்தால் பழையது. உள்ளே சின்னத் துளை தெரிந்தால் பூச்சி. சுக்கு கையில் எடுத்தால் கனமாக, உடைத்தால் நார் தெரிந்தாலும் மணம் சுரீரென்று வர வேண்டும்.

ஜாதிக்காயை மட்டும் மிக்ஸியில் போடாதீர்கள். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை கொழுப்பு இருப்பதால் பிளேடில் அப்பி, பொடியாகாமல் பிசினாகிவிடும். மெல்லிய துருவியில் துருவுவதுதான் வழி. நடுத்தர ஜாதிக்காய் ஒன்று 5, 6 கிராம் இருக்கும்; 4 கிராமுக்கு ஒரு காயில் பெரும்பகுதி போதும். முழு ஜாதிக்காயைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது அவசியம். 5 கிராமும் அதற்கு மேலும் ஒரே சமயத்தில் உள்ளே போனால் வாந்தி, படபடப்பு, மயக்கம், மனக்குழப்பம் வரை வரலாம். ஒரு கேக் துண்டில் இருப்பது இதில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை, அச்சப்பட வேண்டாம்.

சுக்கை அப்படியே மிக்ஸியில் போட்டால் துண்டு சுற்றிச்சுற்றி வருமே தவிர அரைபடாது. முதலில் உரலில் தட்டி நொறுக்கிக்கொண்டு, பிறகு அரைத்து, கண்டிப்பாகச் சலிக்க வேண்டும். பைக்குள் வைக்கும் கூழில் நாரும் கரகரப்பும் தட்டுப்படுவதெல்லாம் சலிக்காத சுக்கினால்தான். பட்டையையும் முதலில் கையால் உடைத்துக்கொள்ளுங்கள். கிராம்பு, ஆல்ஸ்பைஸ் இரண்டும் அளவில் குறைவு என்பதால் பிளேடுக்கு எட்டாது. ஒரு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்து அரைத்தால் மையாக அரைபடும், சர்க்கரையின் படிகம் உராய்ந்து உதவும். அப்படிச் செய்தால் அதன் எடையைக் கணக்கில் கொள்ள வேண்டும். மிக்ஸியைத் தொடர்ந்து ஓடவிடாமல் பத்து விநாடி ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். ஜார் சூடானால் மணம் மூடியைத் திறக்கும்போதே போய்விடும். சமையலறை முழுக்க வாசனை கமகமவென்று வந்தால் நல்லது என்று நினைக்கிறோம். அவ்வளவும் பொடியிலிருந்து கழன்று போனது.

வறுக்க வேண்டாம் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். மசாலா என்றதும் வாணலியை அடுப்பில் வைக்கத் தோன்றுவது இயல்பு. வறுக்கும்போது புதிதாக ஒரு கருகல் மணம் பிறக்கும். காரமும் உப்பும் உள்ள பண்டத்துக்கு அது பொருந்தும். வெண்ணெய், முட்டை, சர்க்கரை சேர்ந்த இனிப்பில் அது கசப்பாகத்தான் நிற்கும். சுக்கில் இருக்கும் எலுமிச்சை சாயல், ஜாதிக்காயின் மென்மை, இரண்டும் எளிதில் ஆவியாகிப் போகிறவை. பொடியாக்கிய பிறகு வறுப்பது இன்னும் மோசம், சில விநாடிகளில் கருகிவிடும். மழை நாளில் ஈரப்பதம் ஏறிய பட்டையைச் சற்று உலர்த்த வேண்டுமானால், ஓவனை 50 டிகிரியில் வைத்துப் பத்து நிமிடம் வைத்து, ஆறவிட்டு அரைக்கலாம்.

ஆனால் சூடே படக்கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. இந்த மசாலாக்களின் மணப்பொருள்கள் தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். ஓவன் 175 டிகிரியில் இருந்தாலும் கேக்கின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. மாவோடு உலர்வாகக் கலந்த பொடி சில சமயம் பச்சை வாசனையோடு நின்றுவிடும். ஆகவே மைதாவில் கலப்பதைவிட வெண்ணெயில் கலப்பது மேல். வெண்ணெயும் சர்க்கரையும் அடித்துக் குழைக்கும் கேக்கில், அப்போதே மசாலாவைச் சேர்த்துவிடுங்கள். உருக்கிய வெண்ணெய் சேர்க்கும் கேக்கில், வெண்ணெய் உருகி நுரை அடங்கியதும் அடுப்பை அணைத்து, பொடியைப் போட்டு அரை நிமிடம் கிளறிவிடுங்கள். வெண்ணெயின் நிறம் செம்மண்ணாக மாறி மணம் எழும்பும். எண்ணெய் சேர்க்கும் கேக்கிலும் எண்ணெயை இளஞ்சூடாக்கி இதையே செய்யலாம்.

பூசணி பைக்கு வேறு வழி. 425 கிராம் பூசணிக் கூழுக்கு இரண்டு தேக்கரண்டி மசாலா. கூழையும் சர்க்கரையையும் மசாலாவையும் அரைத் தேக்கரண்டி உப்போடு அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் கிளறுங்கள். கூழ் கெட்டியாகி, கரண்டியால் கோடு போட்டால் ஒரு கணம் நின்று மூடும். கூழில் உள்ள மிகுதித் தண்ணீரும் போகும், மசாலாவின் பச்சை வாடையும் போகும். நன்றாக ஆறிய பிறகுதான் முட்டையும் கிரீமும். சூட்டோடு ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். நேரே பாலிலோ கிரீமிலோ பொடியைத் தூவினால் மேலே மிதந்து கட்டிகட்டியாக ஒட்டும். பட்டையில் பசைத்தன்மை உண்டு, நனைந்தால் வழவழப்பாகிவிடும். முதலில் சர்க்கரையோடு கலந்தால் இந்தத் தொல்லை இல்லை.

சுக்குக்குப் பதில் பச்சை இஞ்சியைத் துருவிப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே செடியின் கிழங்கு என்றாலும் ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகாது. உலரும்போது இஞ்சியின் காரப்பொருளான ஜிஞ்சராலில் ஒரு பகுதி ஷோகால் என்ற பொருளாக மாறுகிறது. ஷோகாலில் காரம் கூடுதல், நின்று எரியும். மேலும் பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருப்பதால், வேகவைக்காமல் பாலில் சேர்த்தால் பால் திரியும்.

மற்ற பண்டங்களுக்கு அளவு: கேக்கோ, மஃபினோ, 250 கிராம் மைதாவுக்கு இரண்டு தேக்கரண்டி. குக்கீக்கும் அதே அளவுதான், ஆனால் பிசைந்த மாவை ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்துச் சுட்டால் மணம் ஊறி வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆப்பிள் பைக்கு ஒரு கிலோ ஆப்பிளுக்கு ஒன்றேகால் தேக்கரண்டி. ஆப்பிளின் புளிப்பு மென்மையானது, கிராம்பு தாங்காது. அடித்த கிரீம் 200 மில்லிக்குக் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், அதில் வேகாத பொடி கூர்மையாகத் தெரியும். ஈஸ்ட் சேர்த்த ரொட்டி மாவில் இந்த மசாலாவை நேரே கொட்டிப் பிசைவது தவறு. பட்டைக்கு மணம் தரும் சின்னமால்டிகைடு என்ற பொருள் ஈஸ்ட்டின் வேலையை மட்டுப்படுத்தும். மாவு பொங்க வெகுநேரமாகும், சில சமயம் பொங்கவே பொங்காது. உருட்டும் பன்னாக இருந்தால் 60 கிராம் வெண்ணெய், 100 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி மசாலா, ஒரு மேசைக்கரண்டி மைதா எல்லாம் குழைத்து உள்ளே பரப்பிச் சுருட்டுங்கள். மைதா சேர்ப்பது சர்க்கரை உருகி அடியில் ஒழுகாமல் இருக்க.

பட்டையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தங்கள் குறிப்பில் வெறுமனே பட்டை என்று இருக்கிறது. பட்டை இரண்டு வகை. சிலோன் பட்டை மெல்லிய தோல் பல அடுக்காகச் சுருண்டு சுருட்டு போல இருக்கும், விரலால் நசுக்கினாலே நொறுங்கும். காசியா தடித்த ஒரே அடுக்கு, கெட்டியாக இருக்கும். காசியாவில் காரமும் இனிப்பும் தூக்கல். அமெரிக்க பேக்கிங்கில் பழகிய மணம் அதுதான். சிலோன் பட்டை மென்மையானது, ஆப்பிளுக்கும் கிரீமுக்கும் ஏற்றது. மணத்தில் எது வேண்டும் என்பது அவரவர் விருப்பம். ஆனால் காசியாவில் கூமரின் என்ற பொருள் குறிப்பிடத்தக்க அளவில் இருக்கிறது, சிலோன் பட்டையில் மிகச் சொற்பம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின் வரை தாங்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்திருக்கிறது. அதைத் தொடர்ந்து தாண்டினால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம்.

காசியாவில் கூமரின் அளவு பட்டைக்குப் பட்டை மாறும். ஒரு கிராமுக்கு 3 மில்லிகிராம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். இரண்டு தேக்கரண்டி மசாலா சேர்த்த கேக்கில் ஏறத்தாழ 2.4 கிராம் பட்டை. பத்துத் துண்டு போட்டால் ஒரு துண்டில் 0.7 மில்லிகிராம் கூமரின். 60 கிலோ எடையுள்ளவருக்கு வரம்பு 6 மில்லிகிராம், ஆகவே கவலையே இல்லை. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வரம்பு 1.5 மில்லிகிராம், இரண்டு துண்டிலேயே ஏறத்தாழ அதை எட்டிவிடும். எப்போதோ ஒரு நாள் சாப்பிடுவதில் ஒன்றும் ஆகாது. பருவம் முழுக்க நாள்தோறும் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கும் வீட்டில் சிலோன் பட்டைக்கு மாறுவதே சரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் பட்டையின் பெயர் சொல்லி விற்கும் பண்டிகை, பருவகால பேக்கரிப் பண்டங்களில் கிலோவுக்கு 50 மில்லிகிராம், மற்ற கேக், பிஸ்கட் வகைகளில் 15 மில்லிகிராம் என்று கூமரினுக்குச் சட்டப்படி உச்சவரம்பே உண்டு.

பொடியாக வாங்காமல் முழுப் பட்டையாக வாங்குவதற்கு இன்னொரு காரணம், 2023-ல் அமெரிக்காவில் நடந்தது. பட்டை சேர்த்த ஆப்பிள் கூழ்ப் பொட்டலங்களைச் சாப்பிட்ட சிறு குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கண்டறியப்பட்டது. ஈயம் வந்த வழி, அதில் கலந்த பட்டைப்பொடி. முழுப் பட்டையில் ஈயம் சேர்ந்த நிறமி கலந்து ஏமாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

பொடியைக் கண்ணாடிக் குப்பியில் நிரப்பி, வெளிச்சமும் அடுப்புச் சூடும் படாத அலமாரியில் வையுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவில் கிராம்பின் தைலம் ஏறி மங்கலாகிவிடும். பிறகு அந்த டப்பாவில் எதை வைத்தாலும் கிராம்பு மணக்கும். ஆவி பறக்கும் பாத்திரத்துக்கு மேல் குப்பியைக் கவிழ்த்துத் தூவுவதே பொடி கட்டிபிடிக்க முதற்காரணம். கையில் கொட்டிப் பிறகு போடுங்கள். ஒவ்வொரு முறையும் எடுக்கும் முன் குலுக்குங்கள், கனமான துகள் அடியில் தங்கி, கடைசிக் கரண்டி வேறு மாதிரி ருசிக்கும். மூன்று, நான்கு மாதத்துக்குள் பயன்படுத்தினால் நல்லது. அதன் பிறகு கெட்டுப்போகாது, மணம்தான் மங்கும். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து, பட்டை மட்டும் தெரிந்து ஜாதிக்காயும் சுக்கும் தெரியவில்லையென்றால் புதிதாகச் செய்யும் நேரம் வந்துவிட்டது.

தங்கள் குறிப்பின்படி ஏற்கெனவே பொடித்து வைத்துவிட்டவர்களுக்கு: வறுத்து, கருகல் வாசனை ஏறிவிட்டதென்றால் அதை இனிப்புக்கு மீட்க வழியில்லை. வறுக்காமல் சம அளவில் அரைத்திருந்தால் வீணாக்க வேண்டாம். அதில் 3 தேக்கரண்டி எடுத்து, பட்டைப்பொடி 5 தேக்கரண்டி, சுக்குப்பொடி 2 தேக்கரண்டி, துருவிய ஜாதிக்காய் அரைத் தேக்கரண்டி, ஆல்ஸ்பைஸ் முக்கால் தேக்கரண்டி சேர்த்து, சல்லடையில் இரண்டு முறை சலித்துக் கலந்தால் அளவு நேராகிவிடும். கிராம்பு மேற்கொண்டு வேண்டாம். பதினோரு தேக்கரண்டிக்குச் சற்று மேல் பொடி கிடைக்கும். கேக்குக்கு அதில் இரண்டு தேக்கரண்டி.

இப்படிக்கு,
வாசகர்